காவிரிக் கரையில் மகர வேட்டை

2025 செப்டம்பர் 5, வெள்ளி: பசுபதிகோவில், புள்ளமங்கை, திருவையாறு

மிலாது நபி விடுமுறையோடு சனியும் ஞாயிறும் சேர்ந்துகொண்டதால் தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் காலை எட்டு மணிக்கே நெரிசல் தொடங்கிவிட்டது. பசுபதிகோவிலுக்குச் சற்று முன்பாக எங்கள் வேனின் பின் சக்கரம் காற்றிழந்தது; ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. வண்டியை வாடகைக்கு விட்டவர் தொலைபேசியில் "பத்தே நிமிஷத்துல ஆள் வந்துரும்" என்றார். அந்தப் பத்து நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் நீண்டது. பந்தி நடுவில் சாம்பார் தீர்ந்துபோன வீட்டுக்காரரைப் போல ஓட்டுநர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் மீது யாருக்கும் கோபம் வரவில்லை.

சாலையோரப் புளியமரத்து நிழலில் நின்றபடியே நடையின் விதிகளை வாத்தியார் விளக்கினார். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விடுமுறை நாள்களில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களில் 'புதையல் நடை' நடத்துகிறார். பெரியவர்கள் துணைக்கு வரலாம், விடை சொல்லக்கூடாது. இம்முறை தேட வேண்டியது மகரம். யானையின் தும்பிக்கை, முதலையின் தாடை, சிங்கத்தின் கால், பூங்கொடியாக விரியும் வால் என்று பல உயிர்களை ஒட்டிச் செய்த நீர்வாழ் விலங்கு அது. கங்கைக்கும் வருணனுக்கும் வாகனம், மன்மதனுக்குக் கொடி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு விடுகதைச் சீட்டு தரப்படும். அதன்படி மகரத்தைக் கண்டுபிடித்து, சீட்டில் கேட்டிருக்கும் உறுப்பை மட்டும் பார்த்து வரைய வேண்டும். கடைசி நாளில் எல்லா உறுப்புகளையும் ஒரே தாளில் ஒட்டினால் ஒவ்வோர் அணிக்கும் ஒரு முழு மகரம் கிடைக்கும். எது சிறந்ததோ அந்த அணிக்குப் பெட்டியில் இருக்கும் புதையல். விடை கிடைக்கும் வரை கைப்பேசியை வெளியே எடுக்கக்கூடாது என்பது எனக்குப் பிடித்த விதி, என் தங்கை மகனுக்குப் பிடிக்காத விதி.

காத்திருந்த இடத்துக்கு எதிரே தார்ச்சாலையின் ஒரு பாதியில் குறுவை நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியே திறக்கப்பட்டதால் இந்த ஆண்டு அறுவடை முன்னதாக வந்துவிட்டதாகவும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால் வெயிலையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார். நெல்லின் மேல் ஏறாமல் ஒதுங்கி நடக்கும்படி பிள்ளைகளிடம் நான் சொல்லப் போக, "பரவால்லம்மா, மிதிச்சா சீக்கிரம் காயும்" என்று அவரே அவர்களை உள்ளே அழைத்துவிட்டார்.

புள்ளமங்கைக்கு நடந்தே போய்ச் சேர்ந்தபோது உச்சி நேரம் நெருங்கிவிட்டது. குடமுருட்டிக் கரையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய சிவன் கோயில் இது. இறைவன் பெயர் ஆலந்துறைநாதர், ஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். இன்று நிற்கும் கற்றளி முதலாம் பராந்தகன் காலத்தது என்பதால் அதற்கு ஆயிரத்து நூறு வயது இருக்கும். நடை சாத்தும் நேரம் வந்தும் குருக்கள் எங்களை விரட்டவில்லை. "வெயில்ல நடந்து வந்திருக்கா, பாத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார்.

முதல் சீட்டில் இப்படி எழுதியிருந்தது: 'குடித்துத் தீராது, கொடுத்துத் தீராது, வாயைத் திறந்தவன் வாசலைத் தாங்குகிறான்.' வரைய வேண்டிய உறுப்பு வாய். பிள்ளைகள் எல்லோரும் கோயில் வாசலுக்கு ஓடினார்கள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகையைச் சுற்றி நின்றார்கள். அதுவும் இல்லை. கருவறைச் சுவரில் சிலை நிற்கும் ஒவ்வொரு மாடமும் ஒரு வாசல்தான் என்பது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு முதலில் உறைத்தது. மாடத்தின் இரு அரைத்தூண்களுக்கு மேலே வளைந்து நிற்கும் தோரணத்தில் மகரங்கள் வாய் பிளந்து கிடந்தன.

வாத்தியாரின் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தபோதுதான் கல்லின் ஆழம் தெரிந்தது. தும்பிக்கை மேல்நோக்கிச் சுருண்டு, அதன் கீழே பல்வரிசை தனித்தனியாகச் செதுக்கப்பட்டு, திறந்த வாய்க்குள்ளிருந்து என் சுண்டுவிரல் உயரம் கூட இல்லாத ஒரு பூதம் பாதி உடல் வெளியே வந்த நிலையில் நின்றது. அதை மகரம் விழுங்குகிறதா, உமிழ்கிறதா என்பதில் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். தாங்கு தளத்தில் ஓடும் யாளி வரிசையும் மூலைக்கு வந்ததும் மகரத் தலையாக முடிகிறது. அங்கேயும் வாய்க்குள் ஒரு வீரன். சோழர் கோயில்களில் இது பொதுவான அமைப்புத்தான், நானும் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். வடக்குச் சுவரில் எருமைத் தலை மேல் நிற்கும் துர்க்கையைப் பார்க்கவே பலரும் இங்கே வருகிறார்கள். அந்தச் சிலைக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது அதன் தலைக்கு மேலிருக்கும் இரண்டு விலங்குகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

மாலையில் திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறை. காவிரியில் தண்ணீர் கணிசமாகவே போய்க்கொண்டிருந்தது. கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும் என்று முங்கி எழுந்த ஒருவர் எச்சரித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு தாத்தாவின் இடது கால் செருப்பு மிதந்து போய்விட்டது. வலது கால் செருப்பையும் ஆற்றில் விட்டுவிட்டு, "சோடியா போகட்டும், எவனுக்காவது உதவும்" என்று அவர் திரும்பிப் பார்க்காமல் மேலேறினார். கடைத்தெருவில் அசோகா வாங்கினோம், நூறு கிராம் நாற்பது ரூபாய். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அந்த இனிப்பைச் சுடச்சுட வாழையிலைத் துண்டில் வைத்துத் தருகிறார்கள். ஆறிப்போன பிறகு பொட்டலத்தில் வாங்கி வந்து ஊரில் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

2025 செப்டம்பர் 6, சனி: கபிஸ்தலம், சுவாமிமலை

இரவு தங்கிய விடுதியில் மின்விசிறி ஒரே வேகத்தில்தான் சுற்றியது. மற்றபடி குறையில்லை. காலைச் சிற்றுண்டிக்கு இட்லியோடு கடப்பா கிடைத்தது. உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சோம்பு வாசனையோடு சேர்ந்த இந்தத் தொடுகறியைக் கும்பகோணம் வட்டாரத்துக்கு வெளியே கேட்டால் ஆந்திரத்து ஊரைச் சொல்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். இரண்டாம் முறை கேட்டபோது பரிமாறியவர் கரண்டியை வைத்துவிட்டுக் கிண்ணத்தையே இலை அருகில் வைத்துவிட்டுப் போனார்.

கபிஸ்தலத்தில் வரைய வேண்டிய உறுப்பு எதுவும் இல்லை, கதை மட்டும்தான் என்று வாத்தியார் சொன்னதும் பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான இங்கே பெருமாள் கஜேந்திர வரதர். சாபத்தால் யானையான அரசன், சாபத்தால் முதலையான கந்தர்வன், இருவருக்கும் ஒரே நாளில் கிடைத்த விடுதலை என்று கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருமழிசையாழ்வார் இந்தப் பெருமாளை 'ஆற்றங்கரைக் கிடக்கும் கண்ணன்' என்று பாடியிருப்பதால் இந்த நடைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஆனாலும் குளக்கரையில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. இந்தக் கதையில் யானையும் முதலையும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விடாமல் இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. நேற்றுப் பார்த்த தோரணத்திலோ அதே தும்பிக்கையும் அதே தாடையும் ஓர் உடம்பில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. கதை சொன்னவர்கள் பகையாக்கியதைச் சிற்பிகள் ஒரே விலங்காக்கிவிட்டார்கள். வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது, பெரியவர்கள் விடை சொல்லக்கூடாது என்ற விதியை அவர் எனக்கு நினைவூட்டினார்.

சுவாமிமலையில் அறுபது படியேறி முருகனைப் பார்த்துவிட்டு, தமிழ் ஆண்டுகளின் பெயர் பொறித்த படிகளில் அவரவர் பிறந்த ஆண்டைத் தேடும் சடங்கையும் முடித்துக்கொண்டு, ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குப் போனோம். அன்றைய நாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சீட்டின் வாசகம்: 'விலங்காகத் தொடங்கினேன், கொடியாக ஓடினேன், தீயாக முடிந்தேன்.' உறுப்பு வால்.

பட்டறை என்றாலும் வீட்டுத் தாழ்வாரத்தை ஒட்டிய நீண்ட கொட்டகைதான். ஒரு மூலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து காய்ச்சிய மெழுகு, தட்டில் உருண்டைகளாகக் கிடந்தது. ஸ்தபதி ஒரு தென்னை ஓலைத் துண்டை எடுத்து, செய்ய வேண்டிய சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துத் தலை, மார்பு, தொடை என்று அளவு பிரித்துக் காட்டினார். ஸ்கேல் என்ற பொருளே அவர் கையருகில் இல்லை. பிறகு நடராசருக்கான திருவாசியின் மெழுகு வடிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, சூடு காட்டிய சிறு கத்தியால் அடிப்பகுதியைத் திருத்தத் தொடங்கினார். வட்டம் தொடங்கும் இரு முனையிலும் ஒவ்வொரு மகரம் இருந்தது. அவற்றின் திறந்த வாயிலிருந்துதான் தீச்சுடர் வரிசை புறப்பட்டு நடராசரின் தலைக்கு மேலே சேர்கிறது. வால் பின்னால் சுருண்டு இலை இலையாகப் பிரிந்து, கடைசி இலை எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி பீடத்தோடு கலந்துவிட்டது. மெழுகில் இலை நரம்பைக் கீறுவதற்கு அவர் பயன்படுத்தியது சைக்கிள் கம்பியைத் தட்டிக் கூராக்கிய ஒரு கருவி.

வார்க்கும் முறையையும் விளக்கினார். மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சு காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணாக இருக்க வேண்டும், அதுதான் நரம்புக் கீறலைக்கூட அப்படியே பிடித்துக்கொள்ளும். அதற்கு மேலே களிமண்ணும் மணலும் கலந்த கெட்டிப் பூச்சு, பிறகு கம்பிக் கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். உடைத்த அச்சை மறுபடி பயன்படுத்த முடியாது என்பதால் ஒரு சிலையைப் போல் இன்னொன்று வராது. பெரும்பகுதி செம்பு, சிறிது பித்தளையும் ஈயமும். பொன்னும் வெள்ளியும் சிலை செய்யச் சொன்னவர்கள் கொண்டுவந்து தங்கள் கையாலேயே உலையில் இடும் துளிகள். நடராசரின் வலது காதில் மகரக் குழையும் இடது காதில் தோடும் இருப்பதை முடிந்த சிலை ஒன்றில் காட்டியபோது, "அப்ப மகரம் மூணு இருக்கு" என்று என் தங்கை மகன் எண்ணிக்கையைத் திருத்தினான். கையடக்கச் சிலை ஒன்றின் விலையைக் கேட்டேன். பதினெட்டாயிரம் என்றார். பேரம் பேசும் எண்ணம் எனக்கு எழவில்லை, வாங்கும் எண்ணமும் எழவில்லை.

புறப்படும்போது, திருத்தம் சரியாக வராமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு மெழுகு மகரத்தை ஸ்தபதி வாத்தியார் கையில் கொடுத்தார். வாத்தியார் அதைச் செய்தித்தாளில் சுற்றித் தன் மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். புதையல் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகு விளையாட்டில் வேகம் குறையும் என்று நான் எதிர்பார்த்தேன். கூடியது.

மாலை நான்கு மணிக்கு ஆற்றங்கரை வழியாகக் கும்பகோணம் நோக்கி நடக்கத் தொடங்கினோம். நாணலும் பூவரசும் அடர்ந்த மண் பாதை, மாட்டு வண்டித் தடம், இடையிடையே சிமெண்டுப் படித்துறை. அரை மணி நேரம் நடப்பதற்குள் மேற்கே கறுத்து, புழுக்கம் ஏறி, இடியோடு மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் நின்றவர்களை ஒரு வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து ஓர் அம்மாள் கைதட்டி அழைத்தார். வேலிப் படலைத் திறந்துகொண்டே, "செருப்ப அங்கேயே வுட்டுட்டு வாங்க, கொடிக்காலுக்குள்ள போட்டு வரக்கூடாது" என்றார். மழையில் சேறான வெறும் காலோடு உள்ளே போனால், அகத்தி மரங்களில் ஏறிய கொடிகளுக்கு இடையே ஓர் ஆள் மட்டும் நுழையும் அகலத்தில் வரப்பு, தலைக்கு மேலே இலைக்கூரை. வெளியே கொட்டும் மழை உள்ளே தூறலாக மட்டும் விழுந்தது.

கும்பகோணம் வெற்றிலைக்கு இந்த ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிக் கேட்டதற்கு அந்த அம்மாள் சிரித்தார். பெயர் கிடைத்தது, விலை இன்னும் வியாபாரி சொல்வதுதான், நூறு இலை கொண்ட கவுளியை எண்ணி அடுக்கும் கூலியும் ஏறிவிட்டது என்றார். பேசிக்கொண்டே எல்லோருக்கும் தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். காசு கொடுக்க முயன்றவரைப் பார்த்த பார்வையில் காசு தானாகவே பைக்குள் திரும்பிவிட்டது. மழையில் நனைந்த சீட்டுகளில் மை கரைந்து அடுத்த நாளின் விடுகதை பாதி அழிந்துபோயிருந்தது. வாத்தியார் அதை எல்லோரும் மனப்பாடம் செய்யும்படி அங்கேயே மும்முறை சொல்ல, அந்த அம்மாளும் சேர்ந்து சொன்னார். எல்லோருக்கும் முன்பாக விடையையும் சொல்லிவிட்டார். பெரியவர்களுக்கான விதி அவருக்குப் பொருந்தாது என்று முடிவாயிற்று.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு: தாராசுரம், கும்பகோணம், அணைக்கரை

இன்று இரவு முழுச் சந்திர கிரகணம். இரவு 9.57க்குத் தொடங்கும் கிரகணத்துக்காகக் கோயில்கள் முன்னதாகவே நடை சாத்தும் என்பதால் வாத்தியார் அட்டவணையைத் தலைகீழாக மாற்றிவிட்டார். மாலையில் போவதாக இருந்த தாராசுரத்துக்குக் காலை ஆறரைக்கே போய்விட்டோம். கங்கைகொண்ட சோழபுரம் திட்டத்திலிருந்தே நீங்கியது. எனக்கு அதில் வருத்தந்தான்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராசன் கட்டியது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது சேராமல், 2004இல்தான் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்ந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றியுள்ள நிலமட்டம் உயர்ந்து கோயில் தாழ்ந்துவிட்டதால் மழை பெய்தால் பிராகாரத்தில் தண்ணீர் தேங்கும். நேற்றைய மழைநீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோரணத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

சீட்டு கேட்டது கால்: 'நீரில் வாழ்பவனுக்கு நிலத்தில் நடக்கும் கால் எதற்கு?' கொடிக்கால் அம்மாள் நேற்று "தோரணத்தத் தாங்கத்தான்" என்று சொன்ன விடை சரிதான். மாடங்களுக்கு மேலிருக்கும் மகரங்களின் முன்னங்கால், வளைவின் பாரத்தையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டதாகத் தோன்றும்படி, நகங்களைக் கல்லில் ஊன்றி நிற்கிறது. நகம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது, முட்டிக்கு மேலே ஒரு மணிச்சரமும் இருந்தது. புள்ளமங்கையில் வெட்டு ஆழமாகவும் உருவம் துள்ளலாகவும் இருந்தது. இங்கே எல்லாம் நுணுக்கம், நகைக்கடை வேலைப்பாடு. இருநூறு ஆண்டுக் காலத்துக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டில் எது அழகு என்று கேட்டால் தயங்காமல் புள்ளமங்கை என்பேன். வாத்தியார் தாராசுரத்துக் கட்சி. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் புகழ்பெற்ற சிற்பத்தின் முன் கூட்டம் கூடி அவரவர் கையால் ஒரு பாதியை மறைத்து மறுபாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தலையை இரு விலங்குக்குப் பொதுவாக்கிய கைக்குப் பல விலங்கை ஓர் உடலில் ஒட்டுவதா பெரிது என்று வாத்தியார் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கும்பகோணத்தில் காபிக்கு மட்டும் நின்றோம். பித்தளை டவரா, டம்ளர், இருபத்தைந்து ரூபாய். பால் கெட்டியாக இருந்தது, டிகாக்ஷன் இரண்டாம் வடிப்பாக இருக்கலாம் என்பது தாத்தாவின் தீர்ப்பு. பகவத் படித்துறையில் கிரகணத் தர்ப்பணத்துக்கு எத்தனை மணிக்கு வருவது என்று பலர் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அணைக்கரைக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சியில் இருந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை இங்கேதான் இருக்கிறது. இங்கே தேக்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. சென்னையில் என் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உரிமையோடு பார்த்தேன். முதலில் சாப்பாடு. ஆற்று மீன் குழம்பு, சோறு, ரசம், மோர் சேர்த்து நூற்றைம்பது ரூபாய், வறுத்த கெண்டை தனியாக நூற்றிருபது. முள் அதிகம். முள் எடுக்கத் தெரியாத பிள்ளைக்குக் கடைக்காரரின் மனைவி தானே பக்கத்தில் உட்கார்ந்து பிய்த்துக் கொடுத்தார். பௌர்ணமியும் கிரகணமும் சேர்ந்த நாளில் மீன் சாப்பிடலாமா என்று பக்கத்து மேசையில் ஒரு விவாதம் நடந்தது. இலை வந்ததும் அது முடிந்துவிட்டது.

கடைசிச் சீட்டு: 'உளி படாத என்னைப் பார், கிட்டே வராதே.' உறுப்பு கண். இதற்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை. முதலை நடமாட்டம் உண்டு, ஆற்றில் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கைப் பலகை கரையிலேயே நின்றது. பார்க்கக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று வாத்தியார் முன்பே சொல்லியிருந்தார். வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர்தான் எதிர்க்கரையோர மணல் திட்டைக் கைகாட்டினார். தொலைநோக்கியில் பார்த்தபோது, மரக்கட்டை என்று நினைத்தது வாயைப் பிளந்துகொண்டு வெயிலில் கிடந்தது. எட்டடி இருக்கலாம். உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள முதலைகள் அப்படி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். தோரணத்து மகரங்கள் எல்லாம் ஏன் எப்போதும் வாய் திறந்தபடியே இருக்கின்றன என்பதற்கு ஆற்றங்கரையில் வாழ்ந்த ஒரு சிற்பிக்கு வேறு காரணம் தேவைப்பட்டிருக்காது என்று எனக்குப் பட்டது. வலைக்காரரிடம் பயமில்லையா என்று கேட்டோம். அது அதன் பாட்டுக்கு இருக்கும், நாம் இறங்கும் துறை எது, அது ஏறும் துறை எது என்று தெரிந்துகொண்டால் போதும், ஆனால் ஆடு மாடு கட்டுகிறவர்கள்தான் பாவம் என்றார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதை யாரும் தொட முடியாது என்பதையும் அவரே சொன்னார். 'அட்டவணை ஒண்ணு' என்று அவர் சொன்ன அழுத்தத்தில் மரியாதையும் சலிப்பும் சரிபாதி இருந்தன.

நான்கு மணிக்கு ஒரு டீக்கடையின் நீண்ட பெஞ்சில் அணிகள் தங்கள் மகரங்களை ஒட்டத் தொடங்கின. ஒரே சிற்பங்களைப் பார்த்து வரைந்தவை என்று சொல்ல முடியாதபடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தில் இருந்தது. ஒன்று சிரித்தது, ஒன்றுக்கு வால் உடம்பைவிடப் பெரிதாகிவிட்டது. என் தங்கை மகனின் அணியில்தான் சிக்கல் வந்தது. கண்ணை மட்டும் வரைய வேண்டிய இடத்தில் அவன் தொலைநோக்கியில் பார்த்த பின்னங்காலையும் வரைந்து, தாராசுரத்துச் சிங்கக் காலைக் கிழித்துவிட்டு, நான்கு விரலோடு சவ்வு வைத்த முதலைக் காலை ஒட்டியிருந்தான்.

"மகரத்துக்குச் சிங்கத்தோட கால்தான்டா" என்றார் வாத்தியார்.

"நீங்கதான சார் பாத்தத வரையச் சொன்னீங்க. இதத்தான் பாத்தேன்."

"சீட்டுல கண்ணுதான கேட்டிருக்கு?"

"தண்ணில இருக்கறதுக்குச் சிங்கக் கால் எதுக்குன்னு காலைல சீட்டுலயே கேட்டீங்களே சார். அதான் மாத்திட்டேன்."

பெஞ்சு முழுதும் சிரித்தது. எதிர் அணியினர் அதை ஏற்கவில்லை, விதி விதிதான் என்றார்கள். அந்த ஏழாம் வகுப்புப் பெண், இவனுடையது மகரமே இல்லை, தும்பிக்கை ஒட்டிய முதலை என்று வாதாடினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரியம்மா என்ற முறையில் நான் வாய் திறக்கவில்லை.

தீர்ப்பைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டலாம் என்று வாத்தியார் பூட்டைத் திறந்தார். மதியம் முழுவதும் மூடிய வேனுக்குள் வெயிலில் கிடந்த பெட்டி அது. செய்தித்தாளைப் பிரித்தபோது தும்பிக்கை வளைந்து வந்து முதுகில் ஒட்டியிருந்தது, வால் இருந்த இடம் ஒரு கட்டி. வயிற்றில் தினசரியின் ராசிபலன் பகுதி எழுத்துகள் தலைகீழாகப் பதிந்திருந்தன. வாத்தியார் உடனே ஸ்தபதியைக் கைப்பேசியில் அழைத்தார். மெழுகு எங்கும் போகாது, கொண்டுவந்தால் உருக்கி வேறு செய்து தருகிறேன், ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் நேரில் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவர் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

திரும்பும் வழியில் கடைகள் வழக்கத்தைவிட முன்னதாகவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. எட்டு மணிக்குள் இரவுச் சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த தாத்தாவுக்காகக் கும்பகோணம் பேருந்து நிலையம் அருகே மீதமிருந்த ரவா உப்புமாவை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டோம். சுவாமிமலைக்குப் போகும் வரை அந்த மெழுகுக் கட்டியை யார் வீட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது என்ற வழக்கு, இதை எழுதும் இந்த நேரத்திலும் எங்கள் வாட்ஸாப் குழுவில் நடந்துகொண்டிருக்கிறது.